ஆஸ்கார் மீனுக்கு எத்தனை அடி தொட்டி? லண்டன் டாக்டர் ஒருத்தரிடம் இருந்து தொடங்கும் கதை

நீளமான இழை மக்களே. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

மருத்துவ சந்தேகத்துக்கு நடுவே மீன் சந்தேகமும் எனக்கு வரும். தொட்டி வைத்திருப்பது தெரிந்துவிட்டால் விடமாட்டார்கள். அதிகம் வருவது இதுதான்: "டாக்டர், பையன் ஆசைப்பட்டான்னு ரெண்டு டைகர் ஆஸ்கார் குட்டி வாங்கினோம். ரெண்டு அடி தொட்டி. கூட நாலு கப்பி, ஒரு டேங்க் கிளீனர். இப்ப கப்பிய காணோம்."

கப்பி எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நேரடி பதிலை முதலில் சொல்லிடறேன். வளர்ந்த ஒரு ஆஸ்காருக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். அதாவது 12 கன அடி, சுமார் 340 லிட்டர். ரெண்டு என்றால் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். இதைக் கேட்டதும் "கடைக்காரர் ரெண்டு அடி போதும்னாரே" என்பீர்கள். ஏன் போதாது என்பதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையில் திரும்பத் திரும்ப டாக்டர்கள் வருகிறார்கள். அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

முதலில் மீன். ஜெர்மன் ஆய்வாளர் ஸ்பிக்ஸ் 1817 முதல் 1820 வரை பிரேசில் முழுக்க அலைந்து மூட்டை மூட்டையாக உயிரினங்களைச் சேர்த்தார். மீன்களை விவரித்து எழுதி முடிப்பதற்குள் 1826ல் இறந்துவிட்டார். அந்த வேலை அகாசி என்ற இருபது வயசுப் பையன் கைக்கு வந்தது. பின்னாளில் பனியுக ஆராய்ச்சியில் பெரும் பெயர் எடுத்த அதே லூயி அகாசி. 1830ல் மியூனிக்கில் மருத்துவப் பட்டமும் வாங்கினார். நம்ம ஆள்!

1831ல் அவர் விவரித்த மீன்களில் ஒன்றுதான் இன்று நம் கூடத்தில் இருக்கும் ஆஸ்கார். ஆனால் அமேசானின் நன்னீர் மீனை அவர் கடல் மீன் என்று நினைத்து, கடல் மீன் இனத்தோடு சேர்த்து எழுதிவிட்டார். போத்தலில் ஊறிய மீனைப் பார்த்து அது எங்கே, எவ்வளவு தண்ணீரில் வாழ்ந்தது என்று சொல்வது அவ்வளவு லேசு இல்லை. வால் அடியில் இருக்கும் கண் மாதிரியான வட்டப் புள்ளியை மட்டும் சரியாகப் பிடித்தார். 'ஒசெல்லாட்டஸ்' என்ற பெயர் அந்தப் புள்ளியால் வந்தது. துடுப்பைக் கடிக்கும் பிரானா வகை மீன்களை அது குழப்பும் என்கிறார்கள்.

அடுத்து தொட்டி. இங்கேதான் லண்டன் டாக்டர் வருகிறார்.

நத்தானியல் வார்ட். லண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகம் பக்கம், ஏழை எளியவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில் பிராக்டீஸ் செய்தவர். நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிச் செடிகள் எல்லாம் செத்துக்கொண்டே இருந்தன. 1829ல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு போத்தலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கத்தான் ஆசை. மண்ணில் இருந்து பெரணியும் புல்லும் முளைத்தன! வெளியே சாகும் செடி, மூடிய போத்தலுக்குள் வருஷக்கணக்கில் பிழைத்தது.

அதில் இருந்து பிறந்தது 'வார்டியன் பெட்டி'. 1833ல் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் லண்டனில் இருந்து சிட்னிக்கு உயிரோடு போயின. சீனத் தேயிலை இமயமலை அடிவாரத்துக்கு வந்தது இதே பெட்டிகளில். 1860ல் மார்க்கம் மலேரியா மருந்துக்கான சின்கோனாச் செடிகளை ஊட்டிக்குக் கொண்டுவந்ததும் இவற்றில்தான். அந்த முதல் செடிகள் பிழைக்கவில்லை. பின்னால் வந்த விதைகளும் செடிகளும்தான் நீலகிரியில் வேர் பிடித்தன. ஒரு ஜிபி டாக்டரின் பொழுதுபோக்கு எங்கே எல்லாம் போயிருக்கு பாருங்க.

சரி, மீனுக்கு வருவோம்.

கண்ணாடிக்குள் செடி வாழ்ந்தால் மீன் வாழாதா? இதைச் சோதித்தவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்து தயாரிப்பாளர் சங்கத்தின் வேதியியலாளர். மருந்து தயாரிப்பது அவர் வேலை. 1849ல் 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் பாதி அளவு தண்ணீர், அதாவது சுமார் 27 லிட்டர், ஊற்றினார். ரெண்டு சின்ன தங்கமீன். நாடா மாதிரி இலை நீளும் வாலிஸ்னேரியாச் செடி. செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமில வாயு தரும், கணக்கு நேராகும் என்பது யோசனை.

கொஞ்ச நாளில் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. பாசி படிந்தது. வாரிங்டன் ஐந்தாறு குளத்து நத்தைகளைப் போட்டார். அவை அழுகல் இலையையும் பாசியையும் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. 1850ல் வேதியியல் சங்கத்தில் இதைப் படித்தார். பதிவான 'தொட்டித் தோழர்' தேர்வுகளில் ஆரம்ப காலத்தது இது என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த நத்தைக்குத் தொட்டியில் ஒரு வேலை இருந்தது.

அதே காலத்தில் அன்னா தின் என்ற பெண்மணி லண்டனில் பவளங்களை உயிரோடு வைத்திருந்தார். கடல் தண்ணீரில் காற்று கலக்க, பணிப்பெண் ஒருத்தர் தினமும் அரை மணி நேரத்துக்கும் மேல் ஜன்னலோரம் நின்று பாத்திரத்துக்குப் பாத்திரம் தண்ணீரை ஆற்றுவாராம். நம்ம ஊர் டீ மாஸ்டர் மாதிரி! இன்னைக்கு முந்நூறு ரூபாய் மோட்டார் செய்யும் வேலை. அந்தப் பணிப்பெண்ணின் பெயரை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் இல்லம் திறந்தது. உலகின் முதல் பொது மீன் காட்சியகம். அதற்கு உதவிய கோஸ் 1854ல் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. பிறகு பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தொட்டி. எல்லோரும் நம்பியது ஒன்றைத்தான்: செடியும் மீனும் சேர்ந்தால் தண்ணீர் தானே சமநிலைக்கு வரும்.

ரெண்டு சின்ன மீனுக்கு அது ஓரளவு பலித்தது. ஆஸ்காருக்கு? நீங்கள் நடும் செடியை மறுநாளே பிடுங்கி மிதக்க விடும். நத்தையைத் தின்றுவிடும். வாரிங்டனின் மொத்தத் திட்டமும் ஒரே வாரத்தில் காலி.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்தவர்கள் யார் என்று வாரிங்டனுக்குத் தெரியாது.

நம் உடம்பில் புரதம் சிதையும்போது அம்மோனியா உருவாகும். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும், சிறுநீரகம் வெளியேற்றும். கல்லீரல் கெட்டவருக்கு அம்மோனியா ஏறினால் புத்தி தடுமாறும், கோமா வரை போகும். வார்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. மீனுக்கு இந்தச் சுற்று வழி எல்லாம் பெரிதாகக் கிடையாது. அம்மோனியாவைச் செவுள் வழியாக நேராகத் தண்ணீரில் விட்டுவிடும். ஆற்றில் இருந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில்? தான் விட்டதிலேயே தான் நீந்த வேண்டும்.

1877ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாக மெதுவாக வடிய விட்டார்கள். முதல் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வர ஆரம்பித்தது. இது வெறும் வேதிவினையா, உயிர்களின் வேலையா? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள். ஆமாம், ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த அதே குளோரோஃபார்ம். மாற்றம் நின்றது! ஆவியை எடுத்துவிட்டு, மண் கரைத்த தண்ணீரை ஊற்றினார்கள். மறுபடி தொடங்கியது. கல்லுக்கும் மணலுக்கும் மயக்க மருந்து வேலை செய்யாதே. அப்போ உள்ளே உயிர் இருக்கு.

இதை இங்கிலாந்தில் தொடர்ந்து ஆராய்ந்து, இது ரெண்டு கட்டமாக நடக்கிறது, அம்மோனியா முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட், ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு நுண்ணுயிர் என்று காட்டியவர் யார் தெரியுமா? இன்னொரு ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வாரிங்டனின் மகன்! ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். அவர் ஆராய்ந்தது வயல் மண்ணை. அப்பாவின் பாத்திரத்தில் நடந்த ரகசியம் மகனின் மண்ணில் கிடைத்தது. 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்.

உங்கள் வீட்டு ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சும் பீங்கான் வளையமும் அந்தப் பிரெஞ்சுக் குழாயின் பேரப்பிள்ளைகள். அதனால்தான் புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விடாதீங்க என்கிறோம். பாக்டீரியா குடியேற மூணு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் இருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கிப் போட்டால் சீக்கிரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்ட்டி-குளோரின் கலக்காமல் ஸ்பாஞ்சை அதில் கழுவாதீங்க. எல்லாம் போச்சு.

இடையில் வரும் நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல. அது ரத்தத்தில் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றும். ஆக்சிஜனைச் சுமக்காது. ரத்தம் சாக்லெட் நிறத்துக்குப் போகும். மனிதரில் இதே பிரச்சினைக்கு நாங்கள் ஊசியில் போடுவது மெத்திலீன் புளூ. மீன் கடையில் நீல பாட்டிலில் விற்கிறார்களே, அதே பொருள்! (அந்த பாட்டிலை மனிதருக்குப் பயன்படுத்த யாரும் நினைக்க வேண்டாம்.) ஆனால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்போதெல்லாம் அதை ஊற்றுகிறார்கள். ஃபில்டர் பாக்டீரியாவையும் அது பாதிக்கலாம். அவசரத்துக்கு முதலில் செய்ய வேண்டியது, குளோரின் நீக்கிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுவதும் காற்று மோட்டாரைக் கூட்டுவதும்.

இப்போது அளவு. "ஒரு இன்ச் மீனுக்கு ஒரு காலன் தண்ணீர்" என்று ஒரு வாய்ப்பாடு உலகம் முழுக்க உண்டு. விரல் நீள மீனுக்கு ஏதோ பரவாயில்லை. பெரிய மீனுக்கு அது ஆபத்து.

கணக்கு எளிது. கடையில் வாங்கும் ஆஸ்கார் குட்டி 2 இன்ச். நன்றாகத் தீனி போட்டால் ஒரு வருஷத்தில் 20 முதல் 25 செ.மீ. ஆகும். முழு வளர்ச்சியில் 12 இன்ச், அதாவது 30 செ.மீ. நீளம் 6 மடங்கு. ஆனால் அகலமும் உயரமும் கூட 6 மடங்கு. எடை? 6 × 6 × 6 = 216 மடங்கு!

கழிவும் 216 மடங்கா என்றால் இல்லை. 1932ல் கலிஃபோர்னியாவில் மேக்ஸ் கிளைபர், எலி முதல் மாடு வரை விலங்குகளின் ஆற்றல் செலவை எடையோடு ஒப்பிட்டார். எடை ஏறும் வேகத்தில் ஆற்றல் செலவு ஏறுவதில்லை, முக்கால் அடுக்கில்தான் ஏறுகிறது என்றார். மீனுக்கு அடுக்கு கொஞ்சம் மாறினாலும், அந்தச் சலுகையைக் கொடுத்துப் பார்த்தாலே பெரிய ஆஸ்கார் குட்டியைப் போலச் சுமார் ஐம்பது மடங்கு. இன்ச் வாய்ப்பாடு சொல்வது 6 மடங்கு. இந்த வித்தியாசத்தில்தான் மீன் சாகிறது.

நேர்கோட்டுக் கணக்கு போட்டு மாட்டிக்கொண்டவர்களில் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. 1962ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டஸ்கோ என்ற யானைக்கு எல்எஸ்டி ஊசி போட்டார்கள். சிறு விலங்குக்கான அளவை யானையின் எடையால் அப்படியே பெருக்கி 297 மில்லிகிராம். சில நிமிடங்களில் விழுந்தது. பிழைக்கவில்லை. அதனால்தான் குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவை வெறும் எடையை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல், சூடு. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் தேவையோ சூட்டில் கூடும். அம்மோனியாவின் நஞ்சும் சூட்டிலும் பிஎச் ஏறும்போதும் கூடும். லண்டன் குளிரில் தங்கமீனை வைத்துப் பிறந்த நம்பிக்கைகள் மே மாதச் சென்னையில் எப்படி எடுபடும்?

"தொட்டி சின்னதா இருந்தா மீன் அதுக்குத் தகுந்த மாதிரி வளரும் டாக்டர்." இதைச் சொல்லாத ஆள் இல்லை. அழுக்கு நீரிலும் நெருக்கத்திலும் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். அதை நான் நோய் என்பேன். குழந்தை வயசுக்கேற்ற உயரம் இல்லாமல் வந்தால் "வீடு சின்னது, அதான்" என்று அனுப்பிவிடுவோமா? பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் இது. தங்கமீனுக்கும் இதே கதிதான். இத்தாலியில் மோன்சா நகரம் 2004ல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வைக்கவே தடை போட்டது. அடுத்த வருஷம் ரோமும்.

அகலத்தை மறக்காதீங்க. ஒரு அடி மீன் ஒரு அடி அகலத் தொட்டியில் திரும்ப முடியாமல் உடம்பை மடக்கி மடக்கித் திரும்பும். அதனால்தான் ஒன்றரை அடி. மேலும் 340 லிட்டர் என்றால் 340 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்த்தால் 400 தாண்டும். மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, பீம் இருக்கும் பக்கம் வைங்க. பழைய கட்டிடம் என்றால் இஞ்சினியரைக் கேளுங்க.

கடைசியாக, கூட யாரை விடுவது? இங்கே மூன்றாவது டாக்டர். கொன்ராட் லோரன்ஸ். 1928ல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1973ல் மருத்துவ நோபல். நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய மீன் அவதானிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆஸ்கார் சிக்லிட் குடும்பம். கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பம்தான். கரிமீனின் சின்னத் தம்பி ஒன்று உண்டு, ஆரஞ்சு குரோமைட், மலையாளத்தில் பள்ளத்தி. லோரன்ஸ் வளர்த்த சிக்லிட்களில் இதுவும் ஒன்று. ஒரு ஜோடியைத் தனியாக விட்டால் ஆண் பெண்ணையே அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடித் தடுப்பு வைத்து அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியை விட்டார். கோபம் எல்லாம் பக்கத்து வீட்டு மேல் திரும்பியது, வீட்டுக்குள் சமாதானம். இதில் வேடிக்கை, தடுப்பில் பாசி படிந்து எதிர் வீடு தெரியாமல் போனதும் மறுபடி உள்ளே சண்டை. கண்ணாடியைத் துடைத்தால் சரியாகிவிடும்!

கோபம் தண்ணீர்த் தொட்டி மாதிரி உள்ளே நிரம்பிக்கொண்டே இருக்கும் என்று அவர் கொடுத்த விளக்கத்தை இன்று பலரும் ஏற்பதில்லை. ஆனால் மீன் வளர்ப்பவர்கள் அதில் இருந்து எடுத்துக்கொண்ட பாடம் நிற்கிறது. சண்டை அதிகம் வருவது தன்னைப் போலவே இருப்பவரிடம். அடி ஒருத்தர் மேலேயே விழாமல் பிரிய வேண்டும்.

ஆகவே, வாய்க்குள் போகும் அளவில் எதையும் விடாதீங்க. கப்பி, மோலி, நியான் டெட்ரா எல்லாம் அதற்குச் சாப்பாடு. ஏஞ்சல் மீன் மென்மையானது, துடுப்பு மிஞ்சாது. பிளவர்ஹார்னோடு சேர்ப்பது ரவுடிசம், வேண்டாம். தங்கமீன் மெதுவான மீன், குளிர் நீரை விரும்புவது, அதுவும் வேண்டாம். 6 அடி தொட்டி இருந்தால், சில்வர் டாலர் ஐந்தாறு ஒரு கூட்டமாக விடலாம். தட்டையான உடம்பு, வேகம், ஆஸ்கார் வாயில் அடங்காது. அவை பயமில்லாமல் மேலே சுற்றுவதைப் பார்த்தால் ஆஸ்காரும் பதற்றம் இல்லாமல் இருக்கும். செவரம் வகைச் சிக்லிட்டும் பல வீடுகளில் ஒத்துப்போகிறது. எல்லோரையும் குட்டியாக, ஒரே நேரத்தில் விடுங்க. சண்டை வந்தால் தடுப்பு ஒன்று கையில் தயாராக இருக்கட்டும். 4 அடி தொட்டி என்றால் ஒரே ஆஸ்கார், துணை வேண்டாம். தனியாக இருந்தால் பாவமே என்று கேட்காதீங்க. உங்கள் கையில் தீனி இருந்தால் நாய்க்குட்டி மாதிரி வந்து நிற்கும்.

டேங்க் கிளீனர் பற்றித் தனியாக. அது அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது வாரிங்டனின் நத்தையை நினைத்துக்கொண்டு செய்யும் தவறான கணக்கு. பாசியைக் கொஞ்சம் மேயும், ஆனால் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து தானும் மலை மலையாகக் கழிவு போடும். வளர்ந்ததும் "புண்ணியமாப் போகட்டும்" என்று ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் இன்று அது பெருகிக் கிடக்கிறது. முள் உடம்பு வலையைக் கிழிக்கும், சந்தையில் விலை கிடையாது, நாட்டு மீனின் இடத்தைப் பிடிக்கும். நஷ்டம் வலை போடுபவருக்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1950களின் கடைசியில் திறந்துவிட்ட ஆஸ்கார் இன்றும் அங்கே நீர்நிலைகளில் வாழ்கிறது. நம்ம ஊர் சூடு அதற்கு இன்னும் வசதி.

ஏற்கெனவே ரெண்டு அடி தொட்டியில் ரெண்டு ஆஸ்கார் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். இன்றைக்கே தீனியைப் பாதியாகக் குறைங்க. வாரம் ரெண்டு தடவை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்க. அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்க, ரெண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த இடைவெளியில் 4 அடி தொட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ரெண்டில் ஒன்றைப் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துடுங்க. கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது கஷ்டமே இல்லை, பல கடைகளில் பெரிய மீனைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். காசு கிடைக்காது, அது வேற விஷயம்.